காரையாற்றங்கரையில் மூன்று இரவுகள்

பொதிகைமலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலப்பவள் தாமிரபரணி அன்னை. தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே முடியும் இந்த ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள கோயில்களைக் கணக்கிட்டு மாளாது. பாபநாசம் தொடங்கி நவகைலாயம், நவதிருப்பதி என்று தரிசித்து வந்தவர்கள் இவ்விதழின் வாசகர்களில் பலர் இருப்பார்கள். அந்தத் தலங்களில் எல்லாம் தங்குவதற்கு ஒரு சத்திரமோ விடுதியோ உண்டு. ஆனால் ஆற்றின் மேற்பகுதியில், அடர்ந்த கானகத்தின் நடுவே ஒரு கோயில் இருக்கிறது. அங்கே திருவிழாவுக்குச் செல்பவர், தம் வீட்டைத் தாமே சுமந்து சென்று, தம் கையாலேயே கயிறு கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டும். காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலைத்தான் சொல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ குடும்பங்களுக்கு இவரே குலதெய்வம். சாஸ்தா கோயில்களுக்கெல்லாம் இதுவே மூலக்கோயில் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஐயனாரும் மகாலிங்கமும் தனித்தனிச் சந்நிதிகளில் அருள்புரிய, சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடன், தூசி மாடன், பட்டவராயன் முதலான தெய்வங்கள் வனமெங்கும் பீடம் கொண்டிருக்கிறார்கள். ஆடி அமாவாசைதான் பெருவிழா. ஆண்டு முழுவதும் மிளாவும் கருமந்தியும் உலவும் ஆற்றங்கரை, அந்தச் சில நாள்களில் துணியாலும் படுதாவாலும் ஆன ஓர் ஊராகிவிடும். அமாவாசை கழிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த ஊர் இருந்த சுவடே இராது.

சென்ற ஆடி அமாவாசைக்கு அடியேனும் மனைவி, மகன், பத்து வயதுப் பேரன் ஆகியோரும் அங்கே கூடாரம் அடித்துத் தங்கினோம். அறுபத்தேழு வயதில் இது தேவையா என்று மருமகள் கேட்டாள். தேவை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அங்கே முதன்முதலாகத் தங்கியது 1967-ஆம் ஆண்டில். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆச்சி, அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் என்று பதினான்கு பேர். பாபநாசம் வரை பஸ். அதன்மேல் ஒரு லாரியின் பின்புறத்தில் அரிசி மூட்டை, புளிப்பானை, உரல் ஆகியவற்றோடு நாங்களும் ஏறிக்கொண்டோம். உரலை ஏன் எடுத்து வந்தாய் என்று அப்பா ஆச்சியிடம் கேட்டது நினைவிருக்கிறது. "பத்து நாளைக்குச் சட்னி இல்லாம உம் பிள்ளைகள் தின்னுமாடே?" என்றாள் ஆச்சி. ஆம், அந்நாளில் பத்து நாள், பதினைந்து நாள்கூடத் தங்குவார்கள். கால்நாட்டு வைபவத்தன்றே வந்து இடம் பிடித்துவிடுபவர்கள் உண்டு. கூடாரம் என்றால் இக்காலத்துக் கூடாரம் அன்று. கவட்டைக் கம்பு நான்கு, குறுக்கே ஒரு மூங்கில், மேலே வண்டிக் கூண்டுப் பாய், அதன்மேல் அம்மாவின் பழைய புடைவைகள் இரண்டு. தரையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம். இரவில் அரிக்கேன் விளக்கின் ஒளியில் புடைவையின் பூக்கள் எங்கள் முகத்தில் நிழலாக விழும். நான் அவற்றை எண்ணிக்கொண்டே உறங்கிவிடுவேன்.

அந்தக் காடு அப்போதே வனவிலங்கு சரணாலயம்தான். முண்டந்துறைச் சரணாலயம் 1962-இல் அமைந்தது. 1976-இல் அமைந்த களக்காடு சரணாலயத்தோடு இணைத்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் அது. அதற்கும் முன்னே இந்த வனம் சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகும் கோயில் மரியாதை ஜமீன் குடும்பத்துக்கே இருந்தது. பட்டம் கட்டிய கடைசி ராஜாவான முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் ஆடி அமாவாசையன்று ராஜ உடையில், தலைப்பாகையோடும் வாளோடும் மக்களுக்குக் காட்சி தருவார். சிறுவனாக அப்பாவின் தோள்மீது அமர்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தேன். தீவட்டி வெளிச்சத்தில் அவருடைய உடைச் சரிகை மின்னியதுதான் மனத்தில் நிற்கிறது. அவர் 2020 மே மாதத்தில் காலமானார். இம்முறை அந்த இடத்தைக் கடந்தபோது என் பேரனுக்கு எவ்வளவு விவரித்தும், "நிஜ ராஜாவா தாத்தா?" என்ற கேள்வியைத் தாண்டி அவன் வரவில்லை.

இப்போது நிலைமை வேறு. தங்குவதற்கு வனத்துறையும் அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சில நாள்களே அனுமதிக்கின்றன. ஆண்டுதோறும் நாள்களும் விதிகளும் மாறுவதால், செல்ல விரும்புவோர் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டு புறப்படுவதே உசிதம். சொந்த வாகனங்களை மேலே விடுவதில்லை. மலையடிவாரத்துத் தற்காலிக நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் ஏற்றிச் செல்கின்றன. பாபநாசம் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். பிளாஸ்டிக் பை, மது இவற்றுக்கு இடமில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், "எங்க பாட்டன் காலத்துல இருந்து வர்ற கோயில். எங்களைச் சோதிக்கிறதுக்கு இவங்க யாரு?" என்று சத்தமிட்டார். நானும் மனத்துக்குள் ஆமோதித்தேன். ஆனால் என் மனைவியின் பையிலிருந்து அந்த வனக்காவலர் ஏழு பிளாஸ்டிக் உறைகளை எடுத்து வெளியே வைத்தபோது எனக்கு வாய் திறக்க முடியவில்லை. மிளகாய்ப் பொடிக்கு ஒன்று, கற்பூரத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று ஒவ்வொன்றும் அவசியம் என்றே எடுத்து வந்தவை. அவர் கோபிக்கவில்லை. செய்தித்தாள் கொடுத்து, எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டித் தந்தார். ஏழு உறைகளை ஒரு குடும்பம் கொண்டு வந்தால் லட்சக்கணக்கில் கூடுமிடத்தில் என்ன ஆகும் என்று கணக்குப் போடும் தொழிலில்தானே முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன்!

மதியம் இரண்டு மணிக்கு இடம் கிடைத்தது. ஆற்றிலிருந்து சற்று மேடான பகுதியில் ஒரு பெரிய மருத மரத்தை ஒட்டியிருந்தது. மேலே காரையாறு அணை இருப்பதால் நீர்மட்டம் திடீரென்று உயரக்கூடும். தண்ணீரை ஒட்டிப் படுதா கட்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாசகர்கள், குறிப்பாக என் வயதினர், இதை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். தண்ணீர் அருகில் இருந்தால் குடம் தூக்கும் சிரமம் இல்லையே என்று நினைக்கத் தோன்றும். குடத்தைத் தூக்கலாம், முழங்கால் வலியோடு இருட்டில் ஓட முடியாது.

மகன் கடையில் வாங்கி வந்த நவீனக் கூடாரம் ஒன்றை விரித்தான். குடைபோலத் தானே விரிந்துகொள்வது. பேரனுக்கு ஒரே குதூகலம். நான்கு மூலைகளிலும் முளை அடித்தால் வேலை முடிந்தது என்று அதனோடு வந்த தாளில் படம் போட்டிருந்தது. ஆனால் அந்த முளைகள் விரல் தடிமன்கூட இல்லாத கம்பிகள். ஆற்றங்கரை மணலில் அடித்தால் உள்ளே போய் அப்படியே வெளியே வந்தன. கல்லை வைத்துச் சமாளித்தோம்.

எங்களுக்கு இடப்பக்கம் சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய குடில் பழைய முறைப்படி கம்பு நட்டு, கனத்த தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் நீர் வடிய சிறு வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. குடும்பத் தலைவர் எழுபதை எட்டியவர்; மெலிந்த உடம்பு, ஆனால் மண்வெட்டி பிடிக்கும்போது கை நடுங்கவில்லை. எங்கள் கூடாரத்தைச் சிறிது நேரம் பார்த்தார். "அண்ணாச்சி, சாரல் வரும். சுத்தி ஒரு காவா எடுத்துக்கிடுங்க" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

இரவு பதினொரு மணிக்குச் சாரல் வந்தது. குற்றாலத்துக்குச் சாரல் எப்படியோ அப்படித்தான் இந்த மலைக்கும். ஆடியில் மேற்கேயிருந்து வரும் மேகம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அரை மணி நேரத்தில் கூடாரத்துக்குக் கீழே தண்ணீர் ஓடத் தொடங்கியது. தலையணைகள் நனைந்தன. மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. குளிரில் மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. மருந்து இருந்தது, ஆனால் உட்கார வைக்க உலர்ந்த ஓர் அடி நிலம் இல்லை. விளக்கு வெளிச்சம் ஒன்று நெருங்கியது. பக்கத்துக் குடிலின் மருமகள். "பெரியம்மா, இங்கிட்டு வாங்க" என்று என் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, தாம் படுத்திருந்த பாயில் சாக்கைச் சுருட்டி வைத்து, சாய்ந்து உட்காரச் செய்தாள். பிறகு பேரன். பிறகு நாங்கள். அந்தக் குடிலில் ஏற்கெனவே பன்னிரண்டு பேர். சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார்கள். யாரும் எந்த ஊர், என்ன குலம் என்று கேட்கவில்லை. மழை நிற்கும் வரையில், தார்ப்பாய் மேல் விழும் ஓசைக்கு ஊடே, எங்கோ தொலைவில் மிளா ஒன்று கத்தியது. புலி நடமாட்டம் இருந்தால்தான் அப்படிக் கத்தும் என்று யாரோ சொல்ல, பேரன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பெரியவரே மண்வெட்டியோடு வந்து காவாய் வெட்டிக் கொடுத்தார். கம்பி முளைகளை எடுத்துப் போட்டுவிட்டு, சவுக்குக் கட்டைகளைக் கூராக்கி அடித்தார். நான் கூலி என்று எதையோ முணுமுணுத்தேன். அவர் காதில் விழாததுபோல இருந்துவிட்டார். அது என்னை அவர் காப்பாற்றிய இரண்டாம் முறை.

இனி, நான் வந்த காரணம்.

என் தாயார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிவபதம் அடைந்தார்கள். கடைசி மாதங்களில் பல விஷயங்கள் அவர்களுக்கு மறந்துபோயின. ஒன்று மட்டும் மறக்கவில்லை. எனக்கு வங்கி வேலை கிடைத்தால் பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு செலுத்துவதாக அவர்கள் நேர்ந்துகொண்டிருந்தார்கள். 1980-இல் வேலை கிடைத்தது. வடக்கே இரண்டு மாநிலங்கள், பிறகு தெற்கே மாறி மாறிக் கிளைகள். அடுத்த ஆடிக்குப் பார்க்கலாம், அடுத்த ஆடிக்குப் பார்க்கலாம் என்று நாற்பது ஆடிகள் போயின. "செருப்பு பாக்கி இருக்குப்பா" என்பார்கள். கடன் பாக்கி வசூலிப்பதையே தொழிலாகக் கொண்டவனிடம் சொல்லும் சொல்!

பட்டவராயன் கதையை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முத்துப்பட்டன் என்பது அவர் பெயர். ஆரியநாயகிபுரத்து அந்தணர் குடும்பத்தில் ஏழு பேரில் இளையவர். காட்டில் மாடு மேய்த்துக் காவல் புரிந்துவந்த வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு மணம்புரிய விரும்பினார். வாலப்பகடை செருப்புத் தைக்கும் குலத்தவர். உன் பூணூலையும் குடுமியையும் விட்டு எங்களில் ஒருவனாக, எங்கள் தொழிலைச் செய்து வாழ்வாயா என்று அவர் கேட்டார். முத்துப்பட்டன் சம்மதித்தார். உடன்பிறந்தோர் சிறைவைத்தும் மனம் மாறவில்லை. தோலை அறுத்துச் செருப்புத் தைத்து விற்றார். மணம் முடிந்தது. சில நாளிலேயே மாட்டுக் கள்ளர் கூட்டத்தோடு பொருது, ஒளிந்திருந்தவன் ஒருவனால் வெட்டுண்டு மடிந்தார். மனைவியர் இருவரும் தீப்புகுந்தனர். வில்லுப்பாட்டாக இக்கதை நம் தென்பகுதியில் பல தலைமுறைகளாகப் பாடப்படுகிறது, பேராசிரியர் நா. வானமாமலை இதனைப் பதிப்பித்திருக்கிறார். தெய்வமாகிவிட்ட பட்டவராயனுக்கு இங்கே பக்தர்கள் செலுத்துவது தோல் செருப்பு. அவர் இரவில் அதை அணிந்து மாடுகளைக் காவல்காக்க நடக்கிறார். ஆகவே சில காலத்தில் அது தேய்ந்துவிடும் என்பது நம்பிக்கை.

இரண்டாம் நாள் முற்பகல் நான் திருநெல்வேலியில் ஒரு பெரிய கடையில் விலை கொடுத்து வாங்கிவந்த செருப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, மஞ்சள் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் எட்டிப் பார்த்தார். கையில் வாங்கி வளைத்தார். முகர்ந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இது ரெக்சின். அடியும் ரப்பர். பட்டவராயன் காலுக்குத் தோல்தான போடணும்?"

பெட்டியின்மேல் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் சிரித்தார். அப்போதுதான் சொன்னார்: அவருக்குப் பிள்ளைப் பிராயத்திலிருந்து அதுதான் தொழில். மூன்று தலைமுறையாக ஆண்டுதோறும் தம் கையால் தைத்த ஒரு ஜோடியை இங்கே செலுத்துகிற குடும்பம். வேண்டுமானால் கீழே கடைகளில் நல்லதாக ஒன்று பார்த்துத் தருகிறேன் என்று கூடவே வந்தார். பாதையின் இருமருங்கும் நேர்ச்சைக் கடைகள். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஆணி அடித்தது வேண்டாம், வாரைப் பிடித்து இழுத்தால் தையல் விரியக் கூடாது, அடித்தோல் இரண்டு மடிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆறாவது கடையில் ஒரு ஜோடியை எடுத்தார். தையல் எண்ணெய்த் திரிபோல நெருக்கமாக ஓடியிருந்தது. விலையும் அவரே பேசினார்.

திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரைப் பாறையில் சற்றே அமர்ந்தோம். ஏன் அவரிடம் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. மனைவியிடமும் சொல்லாத செய்தி அது.

1987-ஆம் ஆண்டு தென்மாவட்டக் கிளை ஒன்றில் நான் கடன் பிரிவு அதிகாரியாக இருந்தேன். மிக ஏழைகளுக்கு நான்கு சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் ஒன்று 1972 முதல் வங்கிகளில் உண்டு. அதற்குச் சொத்து ஈடும் வேண்டாம், பிறர் ஜாமீனும் வேண்டாம். செருப்புத் தைப்பவர் ஒருவர் விண்ணப்பித்தார். தையல் இயந்திரமும் தோலும் வாங்க ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். எங்கள் கிளையில் வாராக்கடன் கூடியிருந்த சமயம். மேலாளர் எதுவும் சொல்லவில்லை. நானாகவே ஜாமீன் கொண்டு வாருங்கள் என்றேன். விதியில் இல்லாத ஒன்றை விதிபோலச் சொன்னேன். அவர் நான்கு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு என் மேசைக்கு எதிரே நிற்பார். உட்காருங்கள் என்று நான் சொன்னதாக நினைவில்லை. நான்காம் முறைக்குப் பிறகு வரவில்லை. விண்ணப்பத்தில் "மனுதாரருக்கு விருப்பமில்லை" என்று எழுதிக் கோப்பை முடித்தேன்.

பெரியவர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் கழித்து, "அவுக பேரு என்ன?" என்றார்.

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. விண்ணப்ப எண் நினைவிருந்தது. தொகை நினைவிருந்தது. அந்தக் கோப்பின் நிறம்கூட நினைவிருந்தது. பெயர் இல்லை. இன்றுவரை வரவில்லை.

"எந்த ஊருன்னாவது தெரியுமா?"

கிளை இருந்த ஊரைச் சொன்னேன். அந்த ஊர் அவர் ஊரிலிருந்து பத்து மைல்தான். "அங்கன நம்ம ஆளுக நாலஞ்சு வீடு இருந்துச்சு. எல்லாரும் கேரளாவுக்குப் போயிட்டாக" என்றார். மன்னிப்பதாகவோ கண்டிப்பதாகவோ ஒரு சொல் சொல்லவில்லை. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, "வாங்க, பூசைக்கு நேரமாச்சு" என்று நடந்தார். நான் சற்றுப் பின்னால் நடந்தேன்.

பட்டவராயன் சந்நிதியில் கூட்டம் நெரிந்தது. குவியலாகச் செருப்புகள், புதியவை, பழையவை, குழந்தைகளுக்குரியவைபோலச் சிறியவை, முழ நீளத்துக்குப் பெரியவை. பெரியவர் தம் ஜோடியை வைத்தார். அதன் பக்கத்தில் அம்மாவின் ஜோடியை நான் வைத்தேன். அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். என்னுடையதாக வைக்க என்ன இருக்கிறது? பூசாரி திருநீறு தந்தார்.

அன்று மாலை பேரனை மணிகள் தொங்கும் மரத்தடிக்கு அழைத்துச் சென்றேன். வேண்டுதல் நிறைவேறியவர்கள் அதில் மணி கட்டுவார்கள். மரம் பருக்கப் பருக்கப் பட்டை வளர்ந்து மணியை மூடிக்கொள்ளும். ஆகவே மணி விழுங்கி மரம் என்றே அதற்குப் பெயர். பாதி விழுங்கப்பட்ட மணி ஒன்றின் நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தான் பேரன். ஒலி எழவில்லை.

அமாவாசையன்று விடியுமுன்னே ஆற்றில் இறங்கினோம். தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர். ஆனால் எவ்வளவு தெளிவு! இடுப்பளவு ஆழத்திலும் பாதத்தின் விரல்களை எண்ணலாம். கரை நெடுகிலும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் கைகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உரல் சுமந்துவந்த ஆச்சிக்கும் இறைத்தேன். முன்பெல்லாம் குளித்த துணியை ஆற்றிலேயே விடும் வழக்கம் இருந்தது. 1967-இல் ஆச்சியும் விட்டாள், நாங்களும் விட்டோம். இப்போது வேண்டாம் என்கிறார்கள். பாபநாசம் படித்துறையில் ஆற்றின் அடியிலிருந்து துணிகளை மூட்டை மூட்டையாக அள்ளியதைப் பார்த்தவர்கள் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். பாவம் துணியோடு போகும் என்று நம்பி, அதைக் கீழே குடிநீர் எடுக்கும் ஊர்களுக்கு அனுப்புவது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பகல் முழுவதும் மேளமும் குலவையும். ஐயனாருக்குச் சைவப் படையல். எங்கள் வீட்டுப் பொங்கலும் அதில் சேர்ந்தது. சங்கிலி பூதத்தார் முன்னே அருள் வந்தவர்கள் இரும்புச் சங்கிலியை மார்பில் அடித்துக்கொண்டு ஆடினார்கள். பார்க்க எனக்கு எப்போதும் நடுக்கம்தான். இரவு பூக்குழி. நெருப்பின் அனல் இருபதடி தள்ளி நின்ற எங்கள் முகத்தில் அறைந்தது. பக்கத்துக் குடிலின் மருமகளும் பூக்குழி இறங்கினாள். முந்தைய இரவு முழுவதும் என் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டு விழித்திருந்தவள் அவள். கடந்து வந்தவள் ஒன்றும் நடவாததுபோல் அடுப்பில் உலை வைத்தாள். என் மனைவி அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். அன்று இரவு இரண்டு குடும்பங்களுக்கும் ஒரே பானையில் கூட்டாஞ்சோறு.

செல்ல விரும்பும் மூத்தோருக்கு இரண்டொரு செய்திகள் மட்டும். கம்பளி அவசியம். மருந்தை நனையாத தகர டப்பாவில் வையுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று இருந்தால் முழங்கால் வாழ்த்தும். கழிப்பிடங்கள் அமைத்திருக்கிறார்கள்; ஆனால் கூட்டத்துக்குப் போதா. விடிவதற்கு முன் எழுந்துவிடுவது நல்லது. கூடாரத்தைவிட்டு இரவில் தனியே செல்ல வேண்டாம். அது யானைக்கும் கரடிக்கும் உரிய காடு, நாம்தான் விருந்தாளிகள். திருவிழாக் கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறொரு நாளில் பகலில் சென்று தரிசித்துத் திரும்பலாம்.

மறுநாள் காலை கூடாரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. தானே விரிந்த எங்கள் கூடாரம் தானே மடிய மறுத்தது. மகனும் பேரனும் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் தம் கம்புகளைக் கயிற்றால் கட்டி முடித்துவிட்டார். அடுப்புக் கற்களை அகற்றி, சாம்பலை மண்ணால் மூடி, காவாயையும் மிதித்து நிரவினார். எங்கள் காவாயையும் அவரே நிரவினார். குப்பைகளை ஒரு சாக்கில் கட்டி நான் சோதனைச் சாவடிக்காக எடுத்துக்கொண்டேன்.

பேரன் அவரிடம் ஓடிப்போய்க் கேட்டான். "தாத்தா, அந்தச் செருப்பு அடுத்த வருஷம் தேஞ்சிருக்குமா?"

"தேயாம? அம்புட்டுக் காடும் நடக்கணும்ல அவரு."

"எங்க செருப்பைக் கண்டுபிடிக்க முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "வா, பாப்போம். நம்ம ரெண்டு ஜோடியும் பக்கத்துல பக்கத்துலதான இருக்கு" என்றார்.

பேருந்து வந்தது. அவர்கள் கூட்டம் பெரிது. அடுத்த பேருந்தில் வருவதாகச் சொன்னார்கள். அவர் பெயரையும் ஊரையும் அவர் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன்.